நடுமாடியில் ஏழு கிலோ

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கற்பனையில் உதித்ததல்ல. ஸர்கா என்ற அரபு நகரில் நாங்கள் இருக்கும் மூன்றடுக்குக் கட்டடத்தின் நடுமாடியில், ருலாவின் குளியலறையில், ஒரு சலவை இயந்திரம் ஓடும் சத்தத்திலிருந்து வந்தது. அது துணி பிழிகிற வேகத்தில் என் மேசையும் சேர்ந்து ஆடும். எழுத்து எங்காவது கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

முதல் வரியை நான்கு முறை எழுதினேன். "ஒரு பெரிய குடும்பத்துக்குச் சலவை இயந்திரம் வாங்க வேண்டியிருந்தது." கடைக்காரர் எழுதியதுபோல இருக்கிறது. "ஆடை என்பது மனிதனின்—" வேண்டாம், இப்படித் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை. மூன்றாவதை அடித்த அடியில் காகிதம் கிழிந்துவிட்டது. நான்காவது இது: அந்த வீட்டில் மொத்தம் ப—

(எண்ணைச் சொல்ல மாட்டேன். காரணம் அடுத்த பகுதியில் தெரியும். பத்துக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண் படாமல் வைத்துக்கொள்ளுங்கள்.)

2

கீழ்த்தளத்தில் உம் ஹைதம், அதாவது ஹைதமின் அம்மா. கட்டடத்துக்கே அவர்தான் அரசி. மேல்மாடியில் மூத்த மகன் ஹைதம், அவன் மனைவி அபீர், பிள்ளைகள். நடுமாடியில் இளைய மகன் நிதால், அவன் மனைவி ருலா, பிள்ளைகள். மூன்று வீட்டுத் துணிக்கும் ஒரே இயந்திரம். வீட்டுக்கொன்று வாங்கினால் குடும்பம் பிரிந்துவிட்டது என்று தெரு பேசும் என்பது உம் ஹைதமின் கட்சி.

பழைய இரட்டைத் தொட்டி இயந்திரம் பதினாறு வருடம் உழைத்து மூச்சை விட்டதும், ஆண்கள் ஒரு வாரம் ஆராய்ச்சி செய்தார்கள். ஹைதம் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று பேசினான். நிதால் மின்சாரச் சிக்கனத்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று பேசினான். இருவரும் இதுவரை ஒரு காலுறைகூடத் துவைத்ததில்லை என்பதால் ஆராய்ச்சியில் பாரபட்சம் இருக்கவில்லை. கடைசியில் கடைக்குப் போனது மாமியாரும் இரண்டு மருமகள்களும்.

கடைக்காரர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "வீட்டுல எத்தனை பேரு ஹாஜியம்மா?"

இந்தக் கேள்விக்கு உம் ஹைதம் என்றைக்குமே நேராகப் பதில் சொன்னதில்லை. மக்கள்தொகை எடுக்க வந்தவரிடமே இரண்டு பேரன்களை ஒளித்தவர். பிள்ளைகுட்டிகளை எண்ணிச் சொன்னால் கண் பட்டுவிடும். அதிலும் அந்தக் கடைக்காரருக்கு நீலக் கண். முன்பற்களுக்கு நடுவே இடைவெளி வேறு. இதைவிடப் பொல்லாத கண் எங்கள் பக்கத்தில் கிடையாது.

"அல்லாஹ் புண்ணியத்துல இருக்கோம்பா, ஒரு அஞ்சு பேரு" என்றார்.

அஞ்சு பேருக்கு ஏழு கிலோ தாராளம் என்று கடைக்காரர் ரசீது போட்டார். பக்கத்தில் நின்ற மருமகள்கள் இருவருக்கும் சரியான கணக்குத் தெரியும். இருவரும் வாயைத் திறக்கவில்லை.

3

எங்கே வைப்பது? உம் ஹைதமுக்கு மூட்டுவலி, அதனால் கீழ்த்தளம் கூடாது. அபீர் தன் குளியலறையில் வடிகால் அடைத்துக்கொண்டிருக்கிறது என்றாள். (அடைத்துக்கொள்ளவில்லை.) நடுமாடி என்றால் மேலே இருப்பவர்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கும் சம தூரம். இதைவிட நியாயம் வேறென்ன வேண்டும்?

எங்கள் தெருவுக்குக் குழாயில் தண்ணீர் வருவது செவ்வாய்க்கிழமை மட்டும். மற்ற ஆறு நாளும் மொட்டைமாடித் தொட்டியில் இருப்பதைக் கொண்டு சமைத்து, குளித்து, மானத்தோடு இருக்க வேண்டும். அதில் துணி துவைப்பவளைத் தெருவே தூற்றும். ஆக, ஒரு வாரத்துத் துணி அத்தனையும் செவ்வாயில். ஒரு தடவைக்கு ஏழு கிலோ, இரண்டரை மணி நேரம். புலிப்படம் போட்ட குளிர்காலப் போர்வையில் புலியின் தலை மட்டும்தான் உள்ளே போனது. தானியங்கி என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருந்தது. அது தானாக இயங்கியது. திணிக்கவும் உருவவும் காயப்போடவும் ருலாதான் விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை அதன் பக்கத்தில் இயங்கினாள்.

4

ருலாவை முதல் பிரதியில் கண்ணீரும் கம்பலையுமாக எழுதினேன். உருக்கமாகத்தான் வந்தது, ஆனால் அது ருலா இல்லை. ருலா வேதியியல் படித்தவள். அரசு வேலைப் பட்டியலில் ஒன்பது வருடம் காத்துக் கிடந்து, இந்தச் செப்டம்பரில் பெண்கள் பள்ளி ஒன்றில் ஆசிரியை வேலை கிடைத்தது. காலை ஆறே முக்காலுக்கு வேன். உம் ஹைதம் பூரித்துப்போய், தட்டுத் தட்டாகக் குனாஃபா இனிப்பு வாங்கித் தெருவுக்கே கொடுத்தார். கொடுத்து முடித்துவிட்டு மருமகளிடம் சொன்னார்:

"செவ்வாக்கெழம மட்டும் லீவு போட்டுக்கம்மா. மத்த நாலு நாளும் உன் நாளுதான்."

மூன்று செவ்வாய் லீவு போட்டாயிற்று. முதல் முறை அவளுக்குக் காய்ச்சல், அடுத்த முறை மகனுக்குக் காய்ச்சல், மூன்றாம் முறை காய்ச்சலே அலுத்துப்போய்ப் பல்வலி. நாலாவது செவ்வாயும் வராவிட்டால் வேலையை வேறொருத்திக்குக் கொடுக்கச் சொல்லி எழுதிவிடுவேன் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். பிறகு ருலா மறுபடியும் பட்டியலின் வாலில் போய் நிற்க வேண்டும். அவளுக்கு வயது முப்பத்தி நாலு.

5

எனக்கு இந்தப் பாத்திரத்தின் மேல் ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. கணக்குத் தெரிந்தவள் கடையில் ஏன் ஊமையாக நின்றாள்? கதை எழுதுகிறவள் இதைத் தானாக யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். நான் ஒரு மாடி இறங்கிப் போய் அவளிடமே கேட்டேன்.

"அன்னிக்கு எத்தனை பேருன்னு நீ ஏன் ருலா சொல்லல?"

கையிலிருந்த ஈரச் சட்டையை உதறிக்கொண்டே அவள் திரும்பினாள். "நீங்க ஏங்க்கா சொல்லல? நீங்களும் பக்கத்துலதான நின்னீங்க.* நான் மாமிக்குப் பயந்தேன். நீங்க எதுக்குப் பயந்தீங்க?"

\* அபீர் நான்தான். என்னை நானே 'அவள்' என்று எழுதியபோது கொஞ்சம் கூசத்தான் செய்தது. எழுதிவிட்டேன்.

மாடியேறி வந்துவிட்டேன். பெரிய இயந்திரம் வாங்கியிருந்தால் அது என் குளியலறைக்குள் மட்டும்தான் நுழைந்திருக்கும். அதற்குத்தான் பயந்தேன். ருலாவிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் எங்கள் தெருவில் இல்லை என்ற தைரியத்தில்.

6

முடிவுகள்.

அ) ஹைதமும் நிதாலும் துவைக்கிறார்கள். (எழுதிப் பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே இருவரும் யாரோ இறந்த வீட்டுக்கு அவசரமாகக் கிளம்பிவிட்டார்கள்.)

ஆ) இயந்திரம் பழுதாகிறது. என்னைப் போன்ற சோம்பேறி எழுத்தாளர்களுக்கு வசதியான வழி. ஆனால் புதிது, இரண்டு வருட உத்தரவாதம் இருக்கிறது.

இ) ருலா மாமியாரை எதிர்த்துப் பேசுகிறாள். உம் ஹைதம் கண் கலங்கி, மனம் மாறி, "போய்ட்டு வாம்மா, நான் பாத்துக்கிறே—"

முடிக்க முடியவில்லை. மாமி கண் கலங்குவார், அது நடக்கக்கூடியது. மனம் மாற மாட்டார்.

7

இன்று நாலாவது செவ்வாய். காலை ஆறு மணி. தெருவெங்கும் மோட்டார்கள் இரைகின்றன. கீழே ருலா காலணி போட்டு நடக்கிற சத்தம் கேட்கிறது. துவைக்கிற நாளில் அவள் வீட்டுக்குள் காலணி போடுவதில்லை. வேன் வர முக்கால் மணி நேரம் இருக்கிறது.

வாசகரே, இதுவரை படித்ததில் நீங்கள் ருலா பக்கம்தான் இருப்பீர்கள். அப்படி இருக்கும்படிதான் எழுதியிருக்கிறேன். முடிவை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நழுவிவிடலாம் என்றும் நினைத்திருந்தேன். அது நடக்காது போலிருக்கிறது. ஏனென்றால் விடிந்ததும் முதல் வேலையாக, என் வீட்டு அழுக்குத் துணிகளை இரண்டு கூடையில் அள்ளிக்கொண்டுபோய் அவள் வாசலில் வைத்துவிட்டுத்தான் இந்தக் கடைசிப் பகுதியை எழுத உட்கார்ந்தேன்.

அவற்றைத் திரும்ப எடுத்துவர இருபத்திரண்டு படி இறங்க வேண்டும். கீழே அவள் கதவு திறக்கிற சத்தம் கேட்கிறது. நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.