நம்பலாம் என்று தோன்றிய முகம்

...விளம்பரம் பலித்ததா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லு என்கிறார் முதலாளி, மூன்று மணிக் கூட்டத்தில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித்தான் ஆக வேண்டும், கம்ப்யூட்டர் செய்து விற்கும் கம்பெனியின் விளம்பர மேலாளர், இங்கே பழுது பார்க்கும் மையத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு திருடி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள், எதற்காக?... விற்பனை இரண்டு மடங்கு, வாஸ்தவம், ஆனால் சுவரோரம் பழுதான கம்ப்யூட்டர்களை ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கிறார்களே, ஒவ்வொன்றிலும் சீட்டு, ஆன் ஆகவில்லை, ஆன் ஆகவில்லை, தானாக அணைகிறது... டிவி விளம்பரத்துக்குப் பணம் போதவில்லை என்றதும் சோதனைப் பிரிவில் ஆட்களைக் குறைக்கலாம் என்றது யார், அவள்தானே, முதலாளி கையெழுத்துத்தானே போட்டார். வேலை போன தலைமைச் சோதனையாளர் போகிற போக்கில் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மறந்து தொலைத்திருப்பாள், மனுஷர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "விளம்பரத்தப் பாத்து வாங்கறவங்க, வீட்டுக்குப் போய் சுவிட்ச போடுவாங்களேம்மா?" என்றார், அவ்வளவுதான்... பல் தேய்க்கும்போது கேட்கிறது, லிஃப்ட் கதவு மூடும்போது கேட்கிறது, நேற்று மகள் ஏதோ கேட்க, அது அவர் கேட்டதாகவே காதில் விழுந்து, "தெரியலைங்க" என்று பதில் சொல்லி, குழந்தை விழித்ததே... போதும். விளம்பரத்தை நிறுத்துங்கள், சோதனை ஆட்களைத் திரும்பக் கூப்பிடுங்கள், எழுதியாயிற்று, பைக்குள் இருக்கிறது.

பக்கத்து நாற்காலி அம்மாவின் மடியில் கம்ப்யூட்டர் பெட்டி, போர்வை சுற்றி, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கி வந்தது போல... "நாலு மாசந்தான் ஆச்சு, டிவியில பாத்து வாங்கினது" என்கிறாள், குற்றமாகச் சொல்லவில்லை, அதுதான் உறுத்துகிறது. சுவர் டிவியில் அதே விளம்பரம், தகப்பன் மகளின் தோளில் கைவைத்து கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டுச் சிரிக்கிறான், அந்த அம்மா பேச்சை அப்படியே விட்டுவிட்டுப் பார்க்கிறாள், முந்தானையைச் சரிசெய்துகொள்கிறாள். "அந்தச் சிரிப்பு அச்சு அசலா எங்க வீட்டுக்காரர். போய்ச் சேந்து ரெண்டு வருஷம். எனக்கு இதுல ஒரு எழுத்து தட்டத் தெரியாது, அவரே வாங்கச் சொன்ன மாதிரி இருந்துச்சு..." நாற்பது போட்டோக்களில் அந்த முகத்தைப் பொறுக்கியவள் இவள், நம்பலாம் என்று தோன்றுகிறது என ஓரத்தில் எழுதினாளே, யாரை நம்பச் சொன்னாள், யாருடைய புருஷனை எடுத்து யாருக்கு விற்றாள்?...

"மேடம், நீங்க எங்க இங்க? ஹெட் ஆபீஸ்ல மீட்டிங் இல்லையா?" கவுண்டர் பெண் கண்டுபிடித்துவிட்டாள். அந்த அம்மா திரும்பிப் பார்க்கிறாள், சரி, வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான், திட்டட்டும், திட்டினால் ஒருவேளை அந்தக் கண்ணாடி துடைப்பவரும் போய்விடுவார்... "நீங்க இந்தக் கம்பெனியாம்மா? இது ரிப்பேர் ஆனா ஆகுது, ஆகாட்டிப் போகுது. அந்த விளம்பரத்த மட்டும் நிறுத்திட மாட்டீங்களே?"

"மாட்டோம்மா."

சொல்லிவிட்டாள். அந்த அம்மா பெட்டியை அணைத்துக்கொண்டு கவுண்டருக்கு நடக்கிறாள், முதுகு லேசாகிவிட்ட நடை... யோசிக்கவே இல்லையே, நாக்கு தடுக்கவில்லை, குரல்கூட எவ்வளவு இதமாக இருந்தது, இப்படித்தான் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறோமா, எப்போதும்?