ராசாவின் தலையசைப்பு

என் தங்கை அனோஜாவின் சுண்டுவிரலைக் குளியலறைக் கதவிடுக்கில் வைத்து அவள் புருசன் மரியோ கதவை அடித்துச் சாத்தியபோது அவள் கத்தவில்லை. அடுத்த அறையில் மகள் ஸ்டெபனி படம் கீறிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குக் கேட்கக்கூடாது என்று துவாயைக் கடித்துக்கொண்டு நின்றாளாம். அதை எனக்குச் சொன்னபோதும் அவள் அழவில்லை.

"பொலிசுக்குப் போன் அடிப்பம்" என்றேன்.

"வேண்டாமக்கா. பொலிஸ் வந்தா பிள்ளையளைப் பாதுகாக்கிற அரசாங்க ஒவ்வீஸ் ஆக்களும் பின்னால வருவினம். ஸ்டெபனியைக் கொண்டுபோடுவினம். இவன் போனால் காணும், என்ர பிள்ளை என்னோட இருக்கவேணும்."

ஸ்காபரோவில் அவர்கள் இருந்த கட்டடத்தில், இரண்டு மாடி கீழே, ஒரு வீட்டுப் பிள்ளைகளை அப்படித்தான் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தத் தாய் வெறுங்காலோடு பனியில் ஓடியதை அனோஜா பல்கனியில் நின்று பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து அவளுக்கு மரியோவைவிடப் பொலிசுக்குத்தான் பயம். மரியோவுக்கும் அது தெரியும். தெரிந்துதான் அடித்தான். மடுமாதா திருநாளில் சொரூபத்தை முன்வரிசையில் நின்று தூக்குகிறவனும் இவன்தான். மாதா எப்படித்தான் அந்தத் தோளில் பொறுமையாக இருந்தாளோ!

அந்த நேரத்தில்தான் குயீன்ஸ் பார்க்கில், எங்கள் மாகாணச் சட்டசபையில், அந்தப் புதுச் சட்டம் வந்தது. வீட்டில் அடிவாங்குகிறவள் கட்டடக்காரரிடம் ஒரு சத்தியக்கடதாசி கொடுத்தால் போதும், அன்றைக்கே பூட்டை மாற்றி அடிக்கிறவனை வெளியே விட்டுவிடலாம். பொலிசும் வேண்டாம், வழக்கும் வேண்டாம். அனோஜா மாதாவைக் கும்பிட்டது பாதி, அந்தச் சட்டத்தைக் கும்பிட்டது பாதி. சபையில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டியதை இரண்டு பேரும் என் போனில் பார்த்தோம். அவள் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் கலியாணத்தன்று கூடக் காணவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் கஸ்பர் அண்ணையைப் பிடித்தோம். அவர் கொழும்பில் பாராளுமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். எங்கள் கோயில் பங்கில் யாருக்கு என்ன கடிதம் வந்தாலும் அவரிடம்தான் ஓடுவோம்.

"முடிஞ்சுது பிள்ளையள்" என்றார் அவர். "சபையில கடைசி, மூண்டாம் வாசிப்பும் முடிஞ்சுது. இனி உது சட்டம்."

"உறுதியா அண்ணை?"

"நான் உதுக்குள்ள கிடந்து நரைச்சவன். சபை ஓமெண்டு சொல்லி, சபாநாயகர் கையெழுத்து வைச்சா சட்டம்தான். அதுக்கு மேல ஆர் இருக்கினம்?"

இலங்கையில் அப்படித்தான். சபாநாயகர் கையெழுத்தோடு காரியம் முடிந்துவிடும். அவர் பொய் சொல்லவில்லை, வேறு நாட்டு உண்மையைச் சொன்னார். இங்கே அதுக்கு மேலேயும் ஒருவர் இருந்தார். கடலுக்கு அப்பால் இருக்கும் ராசா, காசில் மட்டும் நாங்கள் காணும் முகம். குடியுரிமை எடுத்த நாளில் கையை உயர்த்தி, அப்போதிருந்த ராணிக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்போம் என்று நாங்களும்தான் சத்தியம் செய்தோம். படம் எடுக்கிறதுக்கு முன்னால் செய்யும் சடங்கு என்று நினைத்துவிட்டோம்.

திங்கட்கிழமை மரியோ வேலைக்குப் போனதும் கட்டடத்தின் சூப்பரின்டென்டன்டிடம் கடதாசியைக் கொடுத்தோம். அந்த மனிதரும் தொலைக்காட்சியில் கைதட்டலைப் பார்த்தவர். நல்ல காரியம் என்று சொல்லி உடனேயே பூட்டை மாற்றிவிட்டார். மரியோவின் உடுப்பைக் குப்பைப் பைகளில் கட்டிக் கீழே வைத்தோம். ஸ்டெபனியை மில்லிக்கனில் இருக்கிற என் வீட்டில் விட்டோம்.

பின்னேரம் வந்தான். அவனுடைய பழைய திறப்பு பூட்டுக்குள் சுழலவில்லை. முதலில் உதைத்தான், பிறகு தலையால் முட்டினான். கதவின் கண்ணாடித் துளைக்குள்ளால் பார்த்தேன். நெற்றி பிளந்து இரத்தம் மூக்கால் வடிய, தன் இரத்தத்தையே நக்கிக்கொண்டு நின்றான்.

"வெளியில வாடி. உன்ர தோலை உரிச்சு அந்தச் சட்டப் புத்தகத்துக்கு அட்டை போடுறன்."

அனோஜா கதவில் முதுகைச் சாய்த்து நின்று சிரித்தாள். ஒவ்வோர் உதைக்கும் அவள் உடம்பு குலுங்கியது. குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கடைசியில் அவன் போய்விட்டான். கட்டடத்தின் அலுவலகத்துக்குத்தான் போனான் என்பது எங்களுக்குத் தெரியாது.

மறுநாள், செவ்வாய்க்கிழமை, அவள் கடை ஓடருக்கு இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். நான் தட்டுகளை எடுத்துக் கொடுத்தேன். அவளுடைய போன் அடித்தது. கட்டடத்தின் அலுவலகப் பெண் ஸ்பீக்கரில் மன்னிப்புக் கேட்டுக் கேட்டுப் பேசினாள். சபை நிறைவேற்றியது சரிதான். ஆனால் ராசாவின் பிரதிநிதி ராசாவின் பெயரால் சம்மதம் கொடுத்தால்தான் அது சட்டம். வியாழக்கிழமை கொடுப்பார்கள். அதுவரை வீட்டு வாடகைப் பத்திரத்தில் மரியோவின் பெயரும் இருக்கிறது. ஆகவே அவருக்குப் புதுத் திறப்புக் கொடுத்துவிட்டோம் என்றாள்.

"எப்ப குடுத்தனீங்கள்?" என்று அனோஜா தமிழிலேயே கேட்டாள்.

கதவு திறந்தது. சங்கிலி ஒரு கணம்தான் தாங்கியது. நெற்றியில் பிளாஸ்டரோடு மரியோ உள்ளே வந்து, பொறுமையாகக் கதவைப் பூட்டினான்.

"உங்கட சட்டத்துக்கு ராசா இன்னும் ஓம் சொல்லேல்லையாம்" என்றான். "அவர் சொல்லுமட்டும் இது என்ர வீடு."

அவள் வயிற்றில் உதைத்தான். அவள் மடிந்து விழ, விலாவில் உதைத்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது, காய்ந்த விறகை முறிக்கிற மாதிரி. நான் அவன் முதுகில் பாய்ந்து காதைக் கடித்தேன். என்னைக் கழற்றி ஃபிரிட்ஜில் அடித்தான். என் முன்பல் உடைந்து நாக்கில் கிடந்தது. அவளை மயிரில் பிடித்துக் குளியலறைப் பக்கம் இழுத்தான்.

"மற்ற விரலுகளையும் வை. வியாழக்கிழமைக்கிடையில எல்லாத்தையும் முடிப்பம்."

இழுபட்டுப் போகும்போது அவள் மேசைவிரிப்பைப் பிடித்தாள். தட்டுகளோடு பித்தளை இடியப்ப உரலும் அவள் மடியில் விழுந்தது. அம்மா மன்னாரிலிருந்து கொடுத்துவிட்ட கனத்த உரல். அவன் குளியலறைக் கதவைத் திறக்கத் திரும்பினான். அவள் முழங்காலில் எழும்பி, இரண்டு கையாலும் உரலைத் தூக்கி, அவன் கன்னப்பொறியில் அடித்தாள்.

அவன் ஆச்சரியப்பட்டவன் மாதிரி நின்றான். பிறகு கதவோடு சரிந்தான். அவள் மேலும் அடித்தாள். உரலில் ஒட்டியிருந்த வெள்ளை மா சிவப்பாகிற வரைக்கும் அடித்தாள். நான் "காணும், விடு" என்று சொல்லவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் சொல்லமாட்டேன்.

அவன் மூச்சு அடங்கியதும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"ஸ்டெபனிக்கு பள்ளிக்கூடம் விட்டிருக்கும். ஆர் கூப்பிடுறது?"

அதன் பிறகுதான் பொலிசுக்குப் போன் அடித்தேன்.

விலாவுக்குக் கட்டுப்போட்டு, ஆஸ்பத்திரியில் காவல் வைத்து, வியாழன் காலை அவளை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் அவள் விலங்கோடு நின்றாள். கஸ்பர் அண்ணை எனக்குப் பக்கத்தில் குனிந்தபடி இருந்தார். அவருடைய போனில் குயீன்ஸ் பார்க்கைக் காட்டினார்கள். ஒருவர் சட்டங்களின் பெயர்களை வரிசையாக வாசித்தார். ராசாவின் பெயரால் ஒரு தலை மெல்ல அசைந்தது. ஒருமுறைதான். இருமல் ஒன்று வந்து போகிற நேரம்கூட எடுக்கவில்லை.

"இப்ப சட்டம், பிள்ளை" என்றார் கஸ்பர் அண்ணை.

"வாயைப் பொத்துங்கோ அண்ணை" என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பெரியவருக்கு அப்படிச் சொன்னேன்.

நீதிபதி வந்தார். எழுதுவினைஞர் வழக்கின் பெயரை வாசித்தார். கூண்டுக்குப் பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் அதை அனோஜாவுக்குத் தமிழில் சொன்னார்.

"மாட்சிமை தங்கிய மன்னர் எதிர் அனோஜா."

அவள் விளங்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இஞ்ச குற்றவழக்கெல்லாம் ராசாவின்ர பேரிலதான் போடுறது" என்று கஸ்பர் அண்ணை முணுமுணுத்தார். இது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த தவணை குறித்து, அவளைத் திருப்பிக் கொண்டுபோனார்கள். போகிற வழியில் கண்ணாடி இடைவெளிக்குப் பக்கத்தில் ஒரு கணம் நின்றாள்.

"ஸ்டெபனி?"

"என்னோட நிக்கிறாள்."

"ஒவ்வீஸ் ஆக்கள் வந்தவையோ?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "வந்தவை. நாளைக்கும் வருவினமாம்."

அவள் கண்களை மூடித் திறந்தாள். காவலாளி அவள் முழங்கையைப் பிடித்தான்.

"அக்கா, அந்த ராசாவுக்கு என்னைத் தெரியுமோ?"

"செவ்வாய்க்கிழமை தெரியாது" என்றேன். "இப்ப தெரியும்."