வெரக்ரூஸில் பால்கோப்பி

பிறேமா மியூனிக்கில் ஒரு முதியோர் இல்லத்தில் இருபது வருடங்களாக வேலை செய்கிறாள். மற்றவர்களின் தாய்மாரைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, கரண்டியால் ஊட்டிவிடுகிறவள் தன் தாயின் கடைசி நாட்களை ஃபோன் திரையில்தான் பார்த்தாள். மன்னார் பேசாலையில் கட்டிலில் கிடந்த தாய்க்குப் பேச்சு அநேகமாக நின்றுபோயிருந்தது. கடைசியாகத் தெளிவாகக் கேட்டது ஒரு கேள்வி.

"தம்பியைத் தேடிப் பாத்தியோ?"

"தேடுறன் அம்மா" என்றாள் பிறேமா.

அது பொய். தம்பி ஜெனிஸ்டன் காணாமல்போன புதிதில் அவனைக் கூட்டிப்போன ஏஜென்சிக்காரனுக்கு நாலைந்து தரம் ஃபோன் எடுத்துப் பார்த்தாள். செஞ்சிலுவைச் சங்கத்துக்கு ஒரு படிவம் நிரப்பி அனுப்பினாள். ஏஜென்சிக்காரன் நம்பரை மாற்றிவிட்டான். செஞ்சிலுவைச் சங்கத்திலிருந்து தகவல் எதுவும் இல்லை என்று இரண்டு கடிதம் வந்தது. அதோடு சரி.

ஜெனிஸ்டன் அமெரிக்காவுக்குப் போவதற்காக 2012 கடைசியில் மெக்ஸிக்கோவுக்கு வந்து சேர்ந்திருந்தான். அப்போது அவனுக்கு வயது இருபத்தைந்து. எல்லைக்குக் கூட்டிப்போகும் ஆட்கள் வரும்வரை அவனை வெரக்ரூஸ் என்ற துறைமுக நகரத்தில் ஒரு வீட்டில் வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவுக்கு ஃபோன் எடுப்பான். எடுத்தால் சாப்பாட்டுக் கதைதான்.

"அக்கா, இஞ்ச கண்ணாடி டம்ளருக்குள்ள கடும்கோப்பி கொஞ்சம் கொண்டுவந்து வைப்பினம். கரண்டியால டம்ளரைத் தட்டினா ஒருத்தர் பெரிய கேத்தலோட ஓடிவந்து, மேல தூக்கிச் சுடுபால் ஊத்துவார். எங்கட சாயக்கடையில ஆத்துற மாதிரி. அதோட ஒரு பணிஸ். மேல சீனிமா பூசி, சிப்பி மாதிரிக் கோடு கீறியிருக்கும். சிப்பி எண்டுதான் அதுக்குப் பேராம்."

அடுத்த வருடம் பங்குனி மாதத்து ஞாயிறு ஒன்றில் கடைசியாகப் பேசினான். பத்து நிமிடம் இருக்கும். அன்று என்ன பேசினார்கள் என்பதைப் பிறேமா எவரிடமும் சொன்னதில்லை, கணவன் லோறன்ஸிடம்கூட.

தாய்க்கு முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பின்னேரம் அவள் லோறன்ஸிடம் சொன்னாள்: "நான் மெக்ஸிக்கோவுக்குப் போகப்போறன்."

ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்யும் லோறன்ஸ் அதிகம் பேசாத மனிதர். "இவ்வளவு காலத்துக்குப் பிறகு அங்க யார் நிக்கப்போகினம்?" என்று கேட்டார். பிறகு, "சயந்தினியைக் கூட்டிக்கொண்டு போம். அவளுக்கு ஸ்பானிஷ் தெரியும்" என்றார்.

மகள் சயந்தினி மியூனிக்குக்குப் பக்கத்துக் கார்ஹிங்கில் அறை எடுத்துப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஐந்து வருடம் ஸ்பானிஷ் படித்தவள். மாமாவை அவள் நேரில் கண்டதேயில்லை. ஆனாலும் மறு பேச்சில்லாமல் சம்மதித்தாள். பிறேமா வேலையிடத்தில் ஐப்பசியில் இரண்டு வாரம் லீவு கேட்டு எடுத்தாள்.

அந்தக் கடையைக் கண்டுபிடிப்பது சுலபம் என்றுதான் பிறேமா நம்பியிருந்தாள். டம்ளரைத் தட்டும் கடை, சிப்பிப் பணிஸ், துறைமுகத்துக்குப் பக்கம். ஒரு ஊரில் அப்படி எத்தனை கடை இருக்கப்போகிறது?

வெரக்ரூஸில் இறங்கிய முதல் நாள் காலையிலேயே அந்த நம்பிக்கை போய்விட்டது. கடற்கரைத் தெருவின் பெரிய கோப்பிக் கடைக்குள் நுழைந்தபோது நாலு பக்கமும் டம்ளர்களைத் தட்டும் சத்தம். கேத்தல்காரர்கள் மேசைக்கு மேசை ஓடிக்கொண்டிருந்தார்கள். அடுத்த தெருக் கடையிலும் அப்படியே. ஒவ்வொரு பேக்கரிக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் சிப்பிப் பணிஸ் வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு என்று அடுக்கியிருந்தது. தம்பி சொன்னது அந்தக் கடையின் அடையாளமே அல்ல. ஊரே அப்படித்தான்.

இரண்டு நாள் அலைந்தார்கள். வெறுமனே உள்ளே போய் விசாரிக்கப் பிறேமாவுக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் ஒவ்வொரு கடையிலும் உட்கார்ந்து ஏதாவது வாங்கினார்கள். தேங்காய்ப்பூ வைத்த பணியாரம், கறுவாத்தூள் தூவிய பிஸ்கற், உள்ளே பால்களி வைத்த கொம்பு போன்ற ஒரு பலகாரம். சயந்தினி ஆசையோடு தின்றாள், பிறகு கடமைக்குத் தின்றாள். பிறேமாவுக்குக் கோப்பி மட்டும் இறங்கியது. முதல் டம்ளரைக் குடித்தபோது, இதைக் குடித்துக்கொண்டுதானே அவன் என்னோடு கதைத்தான் என்று நினைத்தாள். அதற்கு மேல் அந்த நினைப்பைப் போக விடவில்லை.

ஃபோனில் வைத்திருந்த படத்தைக் காட்டி, "ஜெனிஸ்டன், ஜெனிஸ்டன்" என்று கேட்டார்கள். அது பதினாறு வயதில் அடையாள அட்டைக்கு எடுத்த பழைய படம். மெல்லிய மீசையும் முழித்த கண்களுமாக ஒரு பொடியன். எல்லோரும் மரியாதையாகப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்கள்.

மூன்றாம் நாள் காலை சயந்தினி, "அம்மா, சொல்லிக் கேக்கிறதை விட எழுதிக் குடுப்பம்" என்று ஒரு தாளில் ஸ்பானிஷில் எழுதினாள். மாமாவின் பெயர், வந்த வருடம், இலங்கைக்காரர், அக்கா தேடி வந்திருக்கிறா. அந்தத் தாளோடு சந்தைக்குப் பின்னாலிருந்த ஒடுங்கிய தெருவுக்குள் போனார்கள். அங்கே ஒரு சிறிய பேக்கரி இருந்தது. வாசலிலிருந்து பார்த்தால் இரண்டு கட்டடங்களின் நடுவே துறைமுகத்துப் பாரந்தூக்கியின் கழுத்து தெரிந்தது. உள்ளே மூன்றே மேசைகள். அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தட்டிலிருந்து பணிஸ்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். படத்தைப் பார்த்தாள், தெரியாது என்றாள். தாளை வாங்கி, கழுத்தில் தொங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"ஹெ... ஹெனிஸ்தோன்."

கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தாள்.

"ஹெனி?" என்றாள். "ஹெனி!"

பிறேமாவுக்கு விளங்கவில்லை. சயந்தினி தாயின் கையைப் பிடித்தாள். "அம்மா, ஸ்பானிஷில 'ஜெ'யை 'ஹெ' எண்டுதான் வாசிப்பினம். நாங்கள் பேரைப் பிழையாக் கேட்டுத் திரிஞ்சிருக்கிறம். இவவுக்கு மாமாவைத் தெரியும்."

அந்தப் பெண்ணின் பெயர் ரொஸால்பா. கடை அவளுடையது. அவள் கதவைச் சாத்தி, அவர்களை இருத்தி, தானும் எதிரே உட்கார்ந்தாள். மெல்ல, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். சயந்தினி கேட்டுக் கேட்டுத் தமிழில் சொன்னாள்.

"மாமா முதலில கோப்பி குடிக்கத்தான் வந்தவராம். பிறகு ஒவ்வொரு நாளும் வந்தவராம். ஒரு நாள் மாப்பிசையிற ஆள் வரேல்லையாம். மாமா கேக்காமலே கையைக் கழுவிப்போட்டு வந்து பிசைஞ்சவராம். அதோட இஞ்சயே வேலை. ரெண்டு மாசம். நல்லாச் சிரிப்பாராம். ஸ்பானிஷ் பிழைபிழையாக் கதைப்பாராம், ஆனா கூச்சப்படமாட்டாராம். பின்னேரத்தில வலை காயப்போடுற இடத்தில போய் இருப்பாராம். தங்கட ஊர்க் கடல் மாதிரி இருக்கு எண்டு சொன்னவராம்."

பிறேமா தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். கண்ணீர் தானாக இறங்கியது.

"அவருக்கு இஞ்சயே இருக்க விருப்பமாம். இவவின்ர அண்ணை விசாக் கந்தோரில ஆக்களைத் தெரிஞ்சவராம். பேப்பர் எடுத்துத் தரலாம் எண்டு சொன்னவராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காட்டக் கேட்டுட்டு வாறன் எண்டு போய்..." சயந்தினி நிறுத்தினாள். ரொஸால்பாவிடம் எதையோ திருப்பிக் கேட்டாள். அவள் அதையே மறுபடி சொன்னாள்.

"அம்மா, அக்கா வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டாவாம். போகச் சொன்னவவாம். மாமா கோவிக்கேல்லையாம். தட்டெல்லாம் கழுவி வச்சிட்டு, செவ்வாய்க்கிழமை போறன் எண்டு சொன்னவராம்." அவள் குரல் தாழ்ந்தது. "அந்த அக்கா... நீங்களோ?"

பிறேமாவுக்கு வேறு தம்பியும் இல்லை, அவனுக்கு வேறு அக்காவும் இல்லை. அது மகளுக்கும் தெரியும்.

"ஓம்" என்றாள்.

"என்ன சொன்னீங்கள்?"

பன்னிரண்டு வருடமாக ஒரு சொல்லும் மறக்கவில்லை. "பணிஸ் சுடுறதுக்கோ உன்னை இவ்வளவு தூரம் அனுப்பினது எண்டு கேட்டனான். உன்னோட வெளிக்கிட்ட பொடியங்களெல்லாம் அமெரிக்காவுக்குப் போய்ச் சேந்திட்டாங்கள், நீ மட்டும் நடுவழியில இருந்து கோப்பி குடிக்கிறாய் எண்டு ஏசினனான். ஊரில கேட்டா நான் என்ன சொல்லுறது எண்டும் கேட்டனான். அவன் ஓம் அக்கா, சரி அக்கா எண்டவன். அவ்வளவுதான்" என்றாள்.

சயந்தினி அதை மொழிபெயர்க்கவில்லை. ரொஸால்பாவுக்கு அது தேவைப்படவும் இல்லை. இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எழுந்து போய் மூன்று டம்ளரில் பால்கோப்பி கொண்டுவந்து வைத்தாள். பிறகு மிச்சத்தையும் சொன்னாள்.

ஜெனிஸ்டனோடு போனவர்களில் ஒருவர் நேபாளத்துக்காரர். சித்திரை மாதம் அவர் தனியே திரும்பி வந்தார். அவர் சொன்னது இவ்வளவுதான். எல்லையில் ஆறு. பங்குனிக் கடைசியில் ஒரு விடியற்காலை ஏழு பேர் இறங்கினார்கள். தண்ணீர் அசைவில்லாமல் கிடப்பதுபோல்தான் தெரிந்தது. நடுவில் இழுத்தது. மற்றக் கரையில் ஐந்து பேர் ஏறினார்கள்.

"அவன் நல்லா நீந்துவான்" என்றாள் பிறேமா. "கடலில பிறந்து வளந்தவன்."

சயந்தினி அதைச் சொன்னாள். ரொஸால்பா தலையசைத்தாள். நீச்சல் தெரியும், பயப்படாதீர்கள் என்று ஜெனிஸ்டனும் அவளிடம் சொல்லித்தான் போயிருந்தான்.

"உடம்பு கிடைச்சுதோ?"

"தெரியாதாம் அம்மா. கரையில ஏறின உடனே அந்த நேபாளத்து ஆளைப் பொலிஸ் திருப்பி அனுப்பிப்போட்டுதாம். அவர் ஒண்டும் பாக்கேல்லையாம். இவவிட்ட எங்கட நம்பர் இல்லை. யாருக்குச் சொல்லுறது எண்டு தெரியேல்லையாம்."

ரொஸால்பா பிறேமாவையே பார்த்து ஒரு கேள்வி கேட்டாள். அதில் கோபம் இருந்தது பிறேமாவுக்கு மொழி தெரியாமலே விளங்கியது. சயந்தினி தயங்கினாள்.

"சொல்லு."

"ஏன் இவ்வளவு காலமும் வரேல்லை எண்டு கேக்கிறா."

விசா இல்லை என்று சொல்லலாம். ஆனால் பிறேமாவிடம் ஒன்பது வருடமாக ஜேர்மன் பாஸ்போட் இருக்கிறது. பிள்ளை சின்னவள், வேலை என்று சொல்லலாம்.

"வந்தால் தெரிஞ்சுபோடும் எண்ட பயம்" என்றாள். "அவன் இல்லை எண்டது மட்டுமில்லை. நான்தான் எண்டதும்."

சயந்தினி பொருத்தமான சொல்லைத் தேடினாள். கிடைக்காமல், "பயம்" என்ற ஒரு சொல்லை மட்டும் ஸ்பானிஷில் சொன்னாள். ரொஸால்பா எழுந்தாள். பிறேமாவின் கோப்பி ஆறியிருந்ததைக் கண்டு அதை எடுத்துப் போய், சுடுபால் ஊற்றிக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். பிறேமா குடித்தாள். முழுவதையும் குடித்து முடித்தாள்.

மறுநாள் காலை அவர்கள் வலை காயப்போடும் இடத்துக்குப் போனார்கள். பெரிதாக ஒன்றுமில்லை. நாலைந்து படகு, எண்ணெய் மிதக்கும் தண்ணீர், கொஞ்சம் நாற்றம். சயந்தினி கரைக்கட்டின் மேல் உட்கார்ந்து நெடுநேரம் கடலைப் பார்த்தாள். தாயோடு கோபமா என்று பிறேமாவுக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணியவில்லை.

"உங்களில கோபமில்லை எண்டு சொல்ல எனக்கு இப்ப ஏலாது அம்மா" என்றாள் மகள். "ஆனா எனக்குச் சொன்னது நல்லது."

மியூனிக் விமான நிலையத்துக்கு லோறன்ஸ் வேலை முடித்து நேரே வந்திருந்தார். தம்பி இல்லை என்பதை மட்டும்தான் பிறேமா ஃபோனில் சொல்லியிருந்தாள். சயந்தினி தன் அறைக்குப் போக வழியில் இறங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்து பெட்டியைக்கூடத் திறக்காமல் பிறேமா குசினியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ரொஸால்பா சொன்னதை, ஆற்றை, கடைசியாகத் தான் ஏசிய ஏச்சை.

லோறன்ஸ் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"அண்டைக்கு நீர் அவனோட கதைக்கேக்க நான் கதவடியில நிண்டனான். சத்தமாத்தான் கதைச்சனீர். எல்லாம் கேட்டது."

பிறேமா அவரையே பார்த்தாள்.

"உள்ள வந்து ஃபோனை வாங்கி, அங்கயே நில் தம்பி எண்டு சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை. எனக்கும் அவன் போகட்டும் எண்டுதான் இருந்தது. நீர் சொல்லாட்டி நான் சொல்லியிருப்பன்."

"இவ்வளவு வருஷமும் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் வாய் திறப்பீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார் லோறன்ஸ். "நீர் திறந்தா நானும் திறக்கவேணும். அதுதான் நானும் பேசாமல் இருந்திட்டன்."

பிறேமாவுக்கு அவர் மேல் ஆத்திரம் வந்தது. ஒரு கணம் எழுந்து போய்விட நினைத்தாள். போகவில்லை. லோறன்ஸ் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். திருமணமாகி இத்தனை வருடத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. நாற்காலியை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

கார்த்திகை மாதத் தமிழ்ப் பூசைக்கு முன் இரண்டு பேரும் சேர்ந்தே பாதரிடம் போனார்கள். இறந்தவர்களுக்காக ஒப்புக்கொடுக்கும் பட்டியலில் ஜெனிஸ்டனின் பெயரைச் சேர்க்கச் சொன்னார்கள். பாதர் பேனாவை எடுத்து இறந்த திகதியைக் கேட்டார்.

"பங்குனி மாதம்" என்றாள் பிறேமா. "நாள் தெரியாது."

"பரவாயில்லை அம்மா" என்று அவர் எழுதிக்கொண்டார். சயந்தினி பிந்தித்தான் வந்தாள். பூசை தொடங்கியிருந்தது. பின் வரிசை வாங்கிலில் இடம் இருந்தும் நடந்து முன்னுக்கு வந்து, தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவில் இடம் கேட்டு முழந்தாளிட்டாள்.