கூட வந்த பெட்டி

ஓகஸ்ட் மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஈஸ்ட் ஹாம் தேவாலயத்துப் பங்கு மக்களை ஏற்றிக்கொண்டு போன உல்லாச ரயில், போனபோது இருந்ததைவிட ஒரு பெட்டி கூடுதலாகத் திரும்பி வந்தது. கிறீக் லைன் என்று எல்லோரும் சொல்லும் அந்தச் சின்ன ரயில் பாதை, பார்க்கிங் என்ற ஊருக்குக் கீழே தேம்ஸ் கரையில் ஒரு இறங்குதுறையில் தொடங்கி, சேற்று நிலங்களுக்கு நடுவே கிழக்கே போய், கைவிடப்பட்ட ஒரு சரளைக் குழியடியில் முடிந்துவிடும். கிழமை நாட்களில் சரளைக்கல்லும் பழைய இரும்பும் ஏற்றும். கோடைகாலத்து ஞாயிறுகளில் மட்டும் சிவப்புப் பூசிய பழைய பயணிகள் பெட்டிகளைக் கொழுவி ஆட்களை உலாக் கூட்டிப் போகும். அங்கே பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. நாணல், மின்கம்பிக் கோபுரம், தூரத்தில் குப்பை எரிக்கும் ஆலை, அவ்வளவுதான். ஆனாலும் வெள்ளைக்காரர் தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு அதையெல்லாம் ஏதோ சுவிட்சர்லாந்தைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். அந்த ரயிலின் கார்ட் மன்னார்ப் பக்கத்துக் கிறிஸ்துராஜா. வருடத்தில் ஒரு ஞாயிறு முழு ரயிலையும் பங்குக்கு எடுத்துக் கொடுப்பது அவருடைய ஏற்பாடு. அன்றைக்கு மட்டும் அந்தப் பெட்டிகளில் தேநீர் வாசனையை அமுக்கிக்கொண்டு ஆட்டிறைச்சிக் கறி மணக்கும்.

அந்தக் கறி கிறிஸ்துராஜாவின் மனைவி அஞ்சலீனா வைப்பது. இறைச்சியோ பொரித்த மீனோ வீட்டை விட்டு வெளியே போனால் அதோடு ஒரு கரித்துண்டோ இரும்பாணியோ போக வேண்டும், இல்லாவிட்டால் மணம் பிடித்து ஏதாவது பின்னால் வரும் என்பது அவர்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அஞ்சலீனா பூசை தவறவிடாதவர், ஆணியையும் தவறவிட்டதில்லை. இரண்டுக்கும் நடுவில் அவருக்கு எந்தப் பிணக்கும் இருந்ததில்லை. கரண்டிகளோடு ஒரு ஆணியும் அவர் வீட்டு இழுப்பறையில் கிடக்கும். கொதிதண்ணீரில் கழுவி, சட்டியின் ஓரத்தில் செருகி, மூடியைக் கட்டுவார். அந்த வருடம் அவருக்கு முழங்கால் வலி. மகள் ஷெறோன்தான் சட்டியைக் கட்டினாள். அவள் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்பவள். அந்தக் கோடையில்தான் உணவுச் சுத்தம் பற்றிய வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் எடுத்து, அதைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். தாய் செருகிய ஆணியை இரண்டு விரலால் தூக்கிக் குப்பையில் போட்டாள். சரளைக் குழியடியில் எல்லோரும் பாய் விரித்துச் சாப்பிட்டார்கள். முதல் அகப்பை பரிமாறியது ஷெறோன். எலும்புகளைச் சப்பிவிட்டுப் புல்லுக்குள் எறிந்தார்கள். நல்ல வெயில். யாரும் எதையும் காணவில்லை.

திரும்பி வந்த ரயிலின் வாலில் நின்ற பெட்டி சரக்குப் பெட்டி. மேலே மூடி இல்லாதது, கறுத்துப்போனது, இலக்கம் இல்லாதது. முன்னாலிருந்த பெட்டியோடு அது கொழுவப்பட்டிருக்கவில்லை, ஒட்டிக்கொண்டு நின்றது. பட்டறைக்காரன் காந்தத்தைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தான், சக்கரத்தில்கூடப் பிடிக்கவில்லை. லைனின் மேலாளர் கொலின், கிடைத்ததை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் இல்லாதவர். திங்கட்கிழமையே சரளைக்கல்லை நிரப்பச் சொன்னார். எடைமேடையில் ஏற்றியபோது பெட்டி வெறும் பெட்டியின் எடையே காட்டியது. மேடை பழுது என்று முடிவு செய்து அனுப்பினார்கள். ரெய்னர்ஸ் லேனில் ஒரு வீட்டு முற்றத்துக்கு அந்தக் கல் போயிற்று. முற்றம் அடுத்த காற்றோடு பாய்போலச் சுருண்டெழுந்து பக்கத்து வீட்டுக் கூரையில் போய்க் கிடந்தது. பிறகு பழைய இரும்பை ஏற்றிப் பார்த்தார்கள். காலையில் இரும்பு முழுவதும் தண்டவாளத்தின் ஓரத்தில் இறக்கி அடுக்கப்பட்டிருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெட்டியில் யாரும் எதையும் ஏற்றவில்லை. கடற்பறவைகள் அது நின்ற ரயில் முற்றத்தில் இறங்குவதையும் நிறுத்திக்கொண்டன.

செப்டெம்பரில் பெட்டி ரயில் முற்றத்தில் நிற்கவில்லை. ஷெறோன் வேலை செய்யும் பள்ளிக்கூடத்தின் குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் நின்றது. அங்கே தண்டவாளம் கிடையாது. ஒரு பிள்ளைத் தள்ளுவண்டி போகவே இடம் போதாத ஒழுங்கை. அவள் வீட்டுக்கு வந்தால் அது தெருமுனைக்கு வந்தது. அவள் நோர்பரியில் சிநேகிதி வீட்டுக்குப் போனபோது அங்கேயும் ஒரு மரத்தடியில் நின்றது. அது நகர்வதை யாரும் கண்டதில்லை. எல்லோரும் வேறு பக்கம் பார்த்த ஒரு கணத்தில் வந்துவிடும். கவுன்சில்காரன் மூன்று தரம் தண்டனைச் சீட்டு ஒட்டினான். நாலாம் தரம் சீட்டு ஒட்டக் கை வைத்தவன், அன்று முழுவதும் வேலிகளைப் பிடித்துப் பிடித்துத்தான் நடந்து போனான்.

ஷெறோனின் காலடிச் சத்தம் குறைந்ததை முதலில் கவனித்தது அஞ்சலீனாதான். மாடிப்படியில் அவள் இறங்கினால் படி கிறீச்சிடுவதில்லை. கதிரையிலிருந்து எழுந்தால் மெத்தையில் குழி இல்லை. ஆள் அப்படியே இருந்தாள், அதே கன்னம், அதே இடுப்பு. எடை மட்டும் போய்க்கொண்டிருந்தது. டொக்டர் பிரீத்தா சென்னைப் பக்கத்தவர், நிதானமானவர். எடைபோடும் இயந்திரத்தில் அவளை ஏற்றினார், இறக்கினார், தானே ஏறிப் பார்த்தார், வேறொரு இயந்திரம் எடுத்துவந்தார். "இதுவும் சரியில்ல போல. பிளட் டெஸ்ட் எழுதித் தரேன், அடுத்த வாரம் வாங்க" என்றார். இரத்தத்தில் எந்தக் குறையும் இல்லை. குப்பி மட்டும் மேசையில் நிற்காமல் மெல்ல மேலே போனதாகத் தாதி சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்து அஞ்சலீனா மகளைக் குசினியில் இருத்தினார்.

"அண்டைக்கு இறைச்சிச் சட்டி கட்டேக்கை ஆணி இருந்ததே?"

"இல்லை அம்மா. எடுத்துப் போட்டன். சாப்பாட்டுக்குள்ள இரும்பு கிடந்தா என்ர சேர்ட்டிபிக்கட்டைப் புடுங்கிப் போடுவினம்."

அஞ்சலீனா ஏசவில்லை. ஏசியிருந்தால் ஷெறோனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தாய் எழுந்து போய் இழுப்பறையைத் திறந்து, வெறுமையாகக் கிடந்த அந்த மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பங்குத் தந்தை இதெல்லாம் மூட நம்பிக்கை என்று பிரசங்கத்தில் சொன்னார். சொல்லிவிட்டுத் தீர்த்தச் செம்போடு தெருமுனைக்கும் வந்தார். தெளித்த தண்ணீர் பெட்டியில் படாமல் துளி துளியாக அந்தரத்தில் நின்றது. பின்னேரம்வரை நின்றது. பிள்ளைகள் விரலால் தட்டி விளையாடினார்கள். பாதர் தாய்மாரைக் கூப்பிட்டுப் பிள்ளைகளை உள்ளே கொண்டுபோகச் சொன்னார். பிறகு அவர் அந்தத் தெருவால் வரவில்லை.

அஞ்சலீனா மகளின் குளிர்கோட்டு விளிம்பைப் பிரித்து ஆணிகளை வைத்துத் தைத்தார். ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் இரும்புச் சாமான் கடைக்காரர், வீடு கட்டுகிறீர்களா என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டு வந்தார். குளிர்காலம் முழுவதும் ஷெறோன் அந்தக் கோட்டின் பாரத்தில்தான் நிலத்தில் நடந்தாள். பார்த்தவர்களுக்கு அவள் கூனிக்கொண்டு போவதாகத் தெரிந்தது. உண்மையில் அவளுக்குப் பாரமே தெரியவில்லை. மாதத்துக்கு மாதம் ஆணி கூடிற்று. மார்ச் மாதத்தில் ஒரு காற்று நாள், ரயில் நிலையத்து மேம்பாலத்தில் அவளுடைய கால்கள் தரையை விட்டன. ஒரு கிழவர் குடைப்பிடியைக் கொழுவி இழுத்து இறக்கினார். அன்று தெருமுனையில் நின்ற பெட்டியின் சக்கரங்கள் தார் ரோட்டுக்குள் ஒரு சாண் இறங்கியிருந்தன. அவளிடமிருந்து போனதெல்லாம் எங்கே போகிறது என்பது அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகமாக இருக்கவில்லை. அஞ்சலீனா மகளைக் கட்டில் காலோடு சேலையால் கட்டிவைத்துத்தான் நித்திரை கொண்டார்.

கிறிஸ்துராஜா அதிகம் பேசாத மனுசன். மகளின் கோட்டைத் தூக்கிக் கொழுவி வைக்கிற வேலையை மட்டும் தினமும் அவரே செய்தார். ரயில் வேலையில் அவருக்குப் பழகிப்போன ஒரு முறை உண்டு. ரயிலின் கடைசிப் பெட்டியில் வால் விளக்கு இருக்க வேண்டும். விளக்கைக் கண்டால்தான் சிக்னல்காரன் ரயில் முழுசாக வந்துவிட்டது என்று பாதையைத் திறப்பான். விளக்குப் போட்ட கார்ட்தான் அந்த ரயிலுக்கும் அதன் கடைசிப் பெட்டிக்கும் பொறுப்பு. கூட வந்த பெட்டிக்கு யாரும் விளக்குப் போடவில்லை. உல்லாச ரயிலில் தொங்குவது பழைய இரும்பு விளக்கு. அந்தப் பெட்டியில் வைத்தால் அது கழன்று விழுந்துவிடும். ஓகஸ்ட் வந்தபோது அவர் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"அதுக்கு ஒரு பொறுப்பாள் இல்லை. அதுதான் பிள்ளைக்குப் பின்னால திரியுது. விளக்கைக் கொழுவ ஏலாது. ஆராவது உள்ளுக்க நிண்டு கையில பிடிக்கலாம்."

"ஏறினா இறங்க விடுமே?"

"விடாது போலத்தான் கிடக்கு."

"அப்ப நான் ஏறுறன். நான்தானே கறி வச்சது."

"நீர் கார்ட் இல்லை" என்றார் கிறிஸ்துராஜா. அஞ்சலீனா கோபத்தில் அன்று முழுவதும் பாத்திரங்களைப் போட்டு உடைத்தார். அடுத்த நாள் காலை கணவருடைய சீருடையை ஸ்திரி போட்டு மடித்து வைத்தார்.

இரண்டாவது ஞாயிறு ரயில் வழக்கம்போலப் புறப்பட ஆயத்தமாயிற்று. பங்கு மக்கள் குறைவாகத்தான் வந்தார்கள்; வந்தவர்களும் சோறும் மரக்கறியும்தான் கட்டி வந்தார்கள். ஷெறோன் மேடையில் நின்றாள். ஆகவே பெட்டியும் ரயிலின் வாலில் வந்து நின்றது. தகப்பன் என்ன செய்யப் போகிறார் என்று அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. கிறிஸ்துராஜா எல்லாக் கதவுகளையும் சாத்தி, பச்சைக் கொடி காட்டி, கடைசிச் சிவப்புப் பெட்டியிலிருந்த வால் விளக்கைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அந்தக் கறுத்த பெட்டிக்குள் ஏறினார். விளக்கு விழவில்லை. ஷெறோன் "அப்பா" என்று கூப்பிட்டு ஓர் அடி எடுத்து வைத்தாள். அந்த அடி சத்தமாகக் கேட்டது. அடுத்த அடி வைக்க அவளால் முடியவில்லை. அவளுடைய பாரம் முழுவதும் ஒரேயடியாகத் திரும்பி வந்தது. கோட்டுக்குள் ஒரு வருடத்து ஆணியும் இருந்தது. முழங்கால் மடிந்து மேடையில் குப்புற விழுந்தாள். தாயும் இன்னும் இரண்டு பெண்களும் சேர்ந்து கோட்டைக் கழற்றி அவளை எழுப்புவதற்குள் ரயில் நாணலுக்குள் போய்விட்டது. சிவப்பு வெளிச்சம் மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது.

கிறிஸ்துராஜா பின்னேரம் திரும்பி வந்தார், இறங்கவில்லை. விளக்கைக் கையில் பிடித்திருக்கும்வரை அவர் பெட்டிக்குள் நிற்பார். ஒரு தரம் விளக்கை மற்றக் கைக்கு மாற்றப் பார்த்தபோது தொப்பி உயரத்துக்கு எழும்பியவரைக் கொலின் காலைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். அதற்குப் பிறகு அவர் விளக்கை விடுவதில்லை. இப்போது எத்தனையோ வருடங்கள் ஆகின்றன. கிறீக் லைனில் எந்த ரயில் போனாலும், சரளைக்கல் ஆனாலும் உல்லாசப் பயணிகள் ஆனாலும், கடைசியில் அந்தப் பெட்டி போகிறது. சிக்னல்காரன் விளக்கைக் கண்டு பாதையைத் திறக்கிறான். பெட்டி வேறெங்கும் போவதில்லை. வெள்ளைக்காரப் பிள்ளைகள் கையசைக்கிறார்கள், கிறிஸ்துராஜா விளக்கைக் கொஞ்சம் உயர்த்துகிறார். அவருக்கு வயது போனதாகத் தெரியவில்லை. ஆனால் விளக்கு வெளிச்சம் இப்போது அவருக்குள்ளால் தெரிகிறது என்று சிலர் சொல்கிறார்கள். பங்கின் உலா வழக்கம்போல நடக்கிறது. இறைச்சியும் மறுபடி கொண்டுபோகிறார்கள். ஒவ்வொரு சட்டியிலும் ஆணி இருக்கிறது. பாதர்தான் கேட்டுப் பார்க்கிறார்.

ஷெறோனுக்குக் கல்யாணமாகி, பாரமான இரண்டு பிள்ளைகள். கோடையிலும் குளிரிலும் ஞாயிறு பூசை முடிந்ததும் தகப்பனுக்குச் சாப்பாடு கொண்டு மேடைக்குப் போவது அவள்தான். அஞ்சலீனாவுக்குக் கை பழகிப்போய்விட்டது. கறியைப் போட்டதும் தன்னை அறியாமல் ஆணியைச் செருகிவிடுவார். ஆணியோடு போன சட்டி அந்தப் பெட்டியின் பலகையில் நிற்பதில்லை, வழுக்கித் தண்டவாளத்தில் விழுந்துவிடும். முதல் கிழமை அப்படித்தான் முழுக் கறியும் கொட்டுண்டது, மனுசன் பட்டினி கிடந்தார். ஆகவே ஷெறோன் மேடையில் நின்று மூடியைத் திறந்து, அன்றைக்குச் செய்ததுபோலவே இரண்டு விரலால் ஆணியைத் தூக்கி எடுக்கிறாள். துடைத்துத் தன்னுடைய கோட்டுப் பைக்குள் போட்டுக்கொள்கிறாள். பிறகு சட்டியை நீட்டுகிறாள். "சூடாக் கிடக்கு அப்பா, பார்த்து" என்கிறாள். அவர் ஒரு கையால் வாங்குகிறார்.