முள் நீக்கிய மீன்

அந்த ஆற்றோர உணவகத்தில் கண்ணாடிச் சுவரை ஒட்டிய மேசை கிடைப்பது குதிரைக்கொம்பு என்பார்கள். எங்களுக்குக் கிடைத்தது. என் கணவரின் பதவி உயர்வைக் கொண்டாட நாத்தனாரையும் அழைத்திருந்தோம். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள், தனியாக வீடு எடுத்திருக்கிறாள், சரியான வாயாடி. உட்கார்ந்ததுமே, துணி நாப்கினை மடியில் விரிப்பதா, தலையில் கட்டுவதா என்று அண்ணனைக் கலாய்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"இந்த மேசைக்கு ஒரு மாசத்துக்கு முன்னாடியே சொல்லி வச்சேன், பாப்பா" என்று தங்கையிடம் பெருமையடித்தார் என் கணவர்.

என் நாக்கில் சனி உட்கார்ந்திருக்க வேண்டும். "நேத்து நான்தானே போன் பண்ணேன்? யாரோ வரலைன்னுதானே நமக்குக் கொடுத்தாங்க" என்றேன்.

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சர்வர்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார். என் கணவர் எங்கள் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார். நான் சட்டென்று சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

மீன் வந்தது. தலையும் வாலுமாக முழுசாகச் சுட்டிருந்தார்கள். அவர் என் தட்டைத் தன் பக்கம் இழுத்து, முள்கரண்டியின் நுனியால் ஒவ்வொரு முள்ளாக எடுத்து ஓரத்தில் அடுக்கினார்.

"பாத்து சாப்பிடும்மா, தொண்டையில மாட்டிக்கப் போகுது" என்று தட்டைத் திருப்பித் தந்தார். குரல் அத்தனை மெதுவாக இருந்தது. பக்கத்து மேசைப் பெண் தன் புருஷனை முழங்கையால் இடித்து எங்களைக் காட்டினாள். கொடுத்து வைத்தவள் என்று நினைத்திருப்பாள், பாவம்.

வீட்டில் ஒரு டம்ளரை நகர்த்தி வைக்காத மனிதர் அவர். கோபம் தலைக்கேறினால் மட்டும்தான், நாலு பேர் முன்னால் இப்படித் தாங்குவார். வீட்டுக்குப் போனதும் கதவைத் தாழிடுவார், டிவி சத்தத்தைக் கூட்டுவார். போன தடவை நண்பர் வீட்டு விருந்தில் ஆரஞ்சு உரித்துச் சுளை சுளையாகக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த வெயிலிலும் எனக்கு முழுக்கை ரவிக்கைதான்.

மீனைத் துளித்துளியாகப் பிய்த்தேன். மென்று மென்று நேரத்தைக் கடத்தினேன். ஐஸ்கிரீம் வேண்டும் என்றேன். காபி கேட்டேன், இன்னொரு காபியும் கேட்டேன். வெளியே ஆறு கன்னங்கரேலென்று கிடந்தது. மேசைகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன.

நாத்தனார் பேச்சை நிறுத்தி வெகு நேரமாகியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். என் தட்டின் ஓரத்தில் இருந்த முட்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"கிளம்பலாமாம்மா?" என்றார் அவர், அதே மெதுவான குரலில்.

"அண்ணி இன்னைக்கு என்கூட வராங்க" என்றாள் நாத்தனார்.

எதற்கு என்று சிரித்துக்கொண்டே கேட்டார். மேசைக்கு அடியில் என் மணிக்கட்டை அவர் கை பிடித்தது.

"அப்பாவும் அம்மாவுக்கு இப்படித்தான் முள் எடுத்துக் கொடுப்பாரு. அந்த ராத்திரியெல்லாம் நாம ரெண்டு பேரும் எங்க போய் ஒளிஞ்சுக்குவோம்னு ஞாபகம் இருக்காண்ணா?"

அவர் சிரிப்பு மாறவில்லை. பிடிதான் இறுகியது. எலும்பு நொறுங்கிவிடும் போல வலித்தது.

"எந்திரிங்க அண்ணி" என்றாள். "எங்கம்மா ஒரு நாளும் எந்திரிக்கல."

கோப்பைகளை எடுக்க சர்வர் வந்து நின்றார். வேற்று மனிதர் முன்னால் அவர் பிடியைத் தளர்த்தித்தான் ஆக வேண்டும். தளர்த்தினார். எழுந்தேன். காலையில் வந்து கூட்டிக்கொண்டு போவதாக அவர் தங்கையிடம் சொன்னது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

நாத்தனாரின் காரில் ஏறிக் கதவைச் சாத்தினேன். விட்டது சனியன் என்று சொல்ல வாயெடுத்தேன். நாத்தனார் சாவியைத் திருகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். தன் வீட்டின் மாற்றுச் சாவி அண்ணனிடம்தான் இருக்கிறது என்றாள்.

பூட்டு விற்கிற கடை ஏதாவது இன்னும் திறந்திருக்கிறதா என்று, அவள் தெருவின் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டே போனோம்.