வாசலில் நின்று ஏசியது

முதலமைச்சரின் அண்ணன் ஆறு வருடமாகப் பிரதமரின் முகத்தில் விழிப்பதில்லை. பத்திரிகையில் அவர் படம் வந்தால் தாளைக் கவிழ்த்து வைப்பார். அரசு விருந்தொன்றில் அந்த மனிதர் கை நீட்டியபோது, இவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நெட்டுக்குத்தாக நின்றார்.

காரணம் சின்னதல்ல. அப்பா ஒரு காலத்தில் பொதுப்பணி அமைச்சர். அவர் கட்டிய துறைமுகத் தடுப்புச் சுவரை மூன்றாம் வருடமே கடல் விழுங்கிவிட்டது. அப்பா அந்தக் கவலையிலேயே போய்ச் சேர்ந்தார். பிறகு ஒருநாள் பிரதமர், முதலமைச்சரான தங்கையின் கட்சிக்குப் பரம எதிரியானவர், பொதுமேடையில் ஏறி, "பாதிக் கல் கடலுக்குப் போச்சு, மீதிக் கல் வீட்டுக்குப் போச்சு" என்றார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. தங்கை பதிலுக்கு நாலு வார்த்தை சொன்னாள். அண்ணனுக்கு அது போதவில்லை. செத்தவரின் பெயரைக் காப்பாற்ற உயிரோடிருப்பவர்களை விட்டால் வேறு யார் உண்டு?

இப்போது மூன்று நாளாக ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஓடியது. ஆற்றின் நடுத்திட்டில் ஒன்பதாயிரம் பேர் கூரைமேல் உட்கார்ந்திருந்தார்கள். மாநிலத்திடம் இருந்த படகுகள் போதவில்லை. ராணுவப் படகு கேட்டுத் தங்கை பிரதமருக்கு எழுதிய கடிதத்துக்கு இரண்டு நாளாகப் பதில் இல்லை. அவளே படகேறி நடுத்திட்டுக்குப் போய்விட்டாள். அங்கே தொலைபேசிக் கோபுரங்கள் சாய்ந்துவிட்டன. போலீஸ் வயர்லெஸ் மட்டும் உண்டு. அதில் பேசினால் மாநிலமே கேட்கும்.

காலை ஏழு மணிக்கு வீட்டில் தங்கையின் அலுவல் அறையில் இருந்த கறுப்புத் தொலைபேசி அடித்தது. அவளைத் தவிர அதை யாரும் தொடுவதில்லை. நின்றது. மறுபடி அடித்தது.

"எடுங்களேன், என்னத்துக்கு முறைச்சுப் பாக்கறீங்க? அது என்ன கடிக்கவா போகுது?" என்றாள் மனைவி.

எடுத்தார். "அம்மா இருக்காங்களா?" என்றது மறுமுனை. நாடே அறிந்த குரல். வைத்துவிடத்தான் கை போனது.

"வெள்ளத்துல இருக்கா. நான் அவ அண்ணன்."

"சரி அண்ணே. உங்ககிட்டயே சொல்லிடறேன். பத்து மணிக்கு நாடாளுமன்றத்துல உங்க தங்கச்சியைக் கிழிகிழின்னு கிழிக்கப் போறேன். பன்னெண்டுக்குள்ள அவங்க பக்கத்துல இருந்து அதைவிடச் சூடா பதில் வரணும். பன்னெண்டரைக்கு அமைச்சரவை கூடுது."

"திட்டறதுக்கு முன்னாடி போன் போட்டுச் சொல்ற மரியாதையெல்லாம் எப்ப வந்துச்சு?"

"ஒன்பது வருஷமாச்சு. என்னைத் திட்டறதுக்கு முன்னாடி அவங்க கூப்பிடுவாங்க. அவங்களைத் திட்டறதுக்கு முன்னாடி நான் கூப்பிடுவேன். ஒருதடவைகூடத் தவறினதில்ல."

"அப்ப எங்கப்பாவைப் பேசினது?"

"அந்த வரி நான் எழுதினதில்ல அண்ணே." குரல் தாழ்ந்தது. "உங்க ஆத்துப் பாலத்துக்குக் கையெழுத்துப் போடணும். எங்க ஆளுங்க குறுக்க நின்னாங்க. மேடையில உங்களை நல்லா அடிச்சாத்தான் அவங்க மனசு ஆறும், அப்புறந்தான் குடுக்க முடியும், எதைச் சொன்னா உங்க பக்கம் கொதிக்கும்னு உங்க தங்கச்சிகிட்ட கேட்டேன். அப்புறம் வார்த்தை வார்த்தையா அவங்களே சொன்னாங்க. வேணாம்மான்னேன். அப்பா இருந்தா அவரே சொல்லிக் குடுத்திருப்பார்னு போனை வெச்சுட்டாங்க."

அண்ணன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பாலத்தின்மேல்தான் நேற்று நாற்பதாயிரம் பேர் மேட்டு நிலத்துக்கு நடந்து போனார்கள். பிரதமர் அப்பாவைப் பழித்த அன்றைய இரவுச் சாப்பாடு நினைவுக்கு வந்தது. இவர் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்த, எதிரே தங்கை தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரோஷமில்லாதவளே என்றுகூட ஏசினார். அதையும் சோற்றோடு சேர்த்து விழுங்கினாள். ஆறு வருடத்தில் ஒரு வார்த்தை விடவில்லை. தான் தூக்கி வளர்த்த பெண் அவள். அவளை இப்போது மனத்துக்குள் அண்ணாந்துதான் பார்க்க முடிந்தது. பார்க்கப் பார்க்க உயரம் முடியவில்லை. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரும் அதே உயரத்தில்தான் நின்றார். செத்தவரைப் பழித்தவன் என்ற கெட்ட பெயரை ஆறு வருடமாகத் தன் தலையில் சுமந்தவர்.

"கட்சியில யாரையாவது பேசச் சொல்றேன்" என்றார் கடைசியில்.

"அவங்க உத்தரவில்லாம யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. விஷயம் தெரிஞ்சது நாங்க ரெண்டு பேர்தான். இப்ப நீங்க மூணாவது."

"நான் என்ன சொல்லணும்?"

"எங்க ஆளுங்களுக்கு உறைக்கணும். இவங்க வாயை அடைக்கவாவது படகு அனுப்புன்னு அவங்களே கத்தணும். எங்க அக்காதான் என்னை வளத்தாங்க, ஊருக்கே தெரியும். அதைச் சொல்லுங்க."

"பொம்பளைங்களைத் தெருவுக்கு இழுக்கற வழக்கம் எங்க வீட்ல இல்ல."

"ஒன்பதாயிரம் பேர் அண்ணே" என்றார் பிரதமர்.

பத்து மணிக்குத் தொலைக்காட்சியில் பிரதமர், 'அணையை நேரத்தில் திறக்கத் தெரியாதவள்' என்று தங்கையைக் கிழித்தார். பதினொன்றரைக்கு அண்ணன் தேய்த்த சட்டையை மாட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

"வாசலுக்கு. ஏசறதுக்கு."

"ஏசறதுக்கு எதுக்குச் சலவைச் சட்டை?"

வாசலில் ஐந்தாறு நிருபர்கள் குடையோடு நின்றார்கள். இந்த வீட்டுப் பெரியவர் வாய் திறந்து அவர்கள் பார்த்ததில்லை. ஆறு வருடமாக மனத்துக்குள் தீட்டி வைத்திருந்த வசவுகள் அத்தனையும் இப்போது தேடினால் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கோபம் இருந்த இடம் துடைத்த பலகையாக இருந்தது. தொண்டையைச் செருமினார்.

"பிரதமருக்குத் தண்ணின்னா பயம். அக்கா முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சு வளந்தவராச்சே. படகுக்குக் கையெழுத்துப் போடக் கை நடுங்கினா, அந்த அக்காவையே கூட்டிட்டு வரட்டும். விரலைப் பிடிச்சு எழுத வைப்பாங்க."

நிருபர்கள் சிரித்தார்கள். அவர் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, சுவரில் கை ஊன்றி நின்றார்.

ஒரு மணிக்கு, அமைச்சரவை முடிந்து நாடாளுமன்றத்துக்குத் திரும்பிய பிரதமர் மேஜையைக் குத்தினார். "இந்தக் குடும்பத்தோட வாய்க்கு இன்னிக்கே பூட்டுப் போடறேன். அறுபது படகு." இரண்டு நாளாகக் கூடாது என்ற அவர் கட்சிக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மாலைக்குள் நடுத்திட்டுக் கூரைகள் காலியாகத் தொடங்கின. வரிசையாகப் போன படகுகளை அண்ணன் திரையில் கண்ணிமைக்காமல் பார்த்தார். இரண்டு பேர் கைகோத்து அனுப்பிய படகுகள். ஏறுகிறவர்களுக்கு அது தெரியாது. தெரியவும் கூடாது.

கறுப்புத் தொலைபேசி அடித்தது. இந்தமுறை முதல் மணியிலேயே எடுத்தார்.

"படகெல்லாம் போயிடுச்சா அண்ணே?"

"போயிடுச்சு. உங்க அக்கா பாத்தாங்களா?"

"பாத்தாங்க. மத்தியானம் சாப்பிடல. அந்த மனுஷன் விளங்குவானான்னு கேக்கறாங்க." பிரதமர் பெருமூச்சு விட்டார். "அவங்ககிட்ட மட்டும் உண்மையைச் சொல்லிடட்டுமா? உங்க பேராவது சுத்தமாகும்."

சொல்லச் சொன்னால் போதும். முன்பின் தெரியாத ஒரு வீட்டில், ஒரு மூத்த பெண்ணின் முன்னால், அப்பாவின் மகன் மரியாதைக்காரனாக நிமிர்ந்து நிற்கலாம். அண்ணன் தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்தார்.

"சொல்லாதீங்க. நம்ம சண்டையை ஊர் நம்பணும். என் கோபம் போயிடுச்சு, இனி நான் நடிக்கத்தான் முடியும். அவங்க கோபமாவது நெசமா இருக்கட்டும்."