எவர்சில்வரில் பூத்த துரு

அக்கா புருஷனின் நம்பிக்கைக்கு அன்றைய விலை இரண்டு டீ. பேரமே இல்லாமல் கைமாறியது. விற்றவன் இரும்புக்கடைக்காரன், அவருடைய சொந்த மைத்துனன்.

மாமா வெல்டர். ஒரு பல் டாக்டரின் ஆஸ்பத்திரி வாசலில் சரிவுப் பாதைக்கு எவர்சில்வர் கைப்பிடி போட்டுக்கொண்டிருந்தார். பற்றவைத்த இடங்களைத் தேய்த்து வழவழப்பாக்க கிரைண்டருக்கு டிஸ்க் வேண்டும் என்று கடைக்கு வந்தார். எவர்சில்வருக்கென்று தனி டிஸ்க் உண்டு, இரும்பு கலக்காதது; கலந்ததை ஓட்டினால் எவர்சில்வரும் துருப்பிடிக்கும். அது தீர்ந்து போயிருந்தது. இல்லை என்று சொன்னால் மாமா ரோட்டைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போவார். எதிர்க்கடைக்காரனோ வந்தவரை உட்காரவைத்து, குடும்ப நலம் விசாரித்து, அடுத்த முறையும் தன்னிடமே வர வைக்கிற ரகம்.

"எவர்சில்வருக்குத்தானே மாப்ளே இது?"

"கல்லுதானே மாமா. எல்லாத்துக்கும் ஓடும்."

இரும்புக்கான டிஸ்க் என்று லேபிளில் பெரிதாகவே போட்டிருந்தது. கடைக்காரன் அதைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தான். அதில் அவனுக்கு நின்ற லாபம் இரண்டு டீக் காசு. சுற்றாவிட்டாலும் மாமா பார்த்திருக்க மாட்டார். அந்தக் கடையில் அவர் எதையும் படித்துப் பார்த்து வாங்கியதில்லை. கொடுத்ததைப் பையில் போட்டுக்கொண்டு, அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள் என்று சொல்லிவிட்டுப் போவார்.

இரண்டு மழை பெய்தது. கைப்பிடியில் பற்றவைத்த இடத்திலெல்லாம் பழுப்புத் துருப்புள்ளிகள் கிளம்பின. டாக்டர் ஆளனுப்பினார். உனக்குத்தான் பேச்சு வரும், கூட வா என்று மாமா கடைக்காரனையும் அழைத்துக்கொண்டார். போகிற வழியெல்லாம் அவன் மனதுக்குள் குற்றவாளிகளைத் தேடினான். பைப் கம்பெனிக்காரன் அகப்பட்டான். தரை துடைக்கிற அம்மா ஊற்றும் ஆசிட்டும் அகப்பட்டது. தன்னைத் தவிர எல்லாரும் வரிசையில் நின்றார்கள்.

டாக்டர் கைப்பிடியை நகத்தால் சுரண்டிக் காட்டினார். "பல்லுல கறைன்னா நானே எடுத்துருவேன். இதுக்கு யாருகிட்டப் போறது?"

கடைக்காரன் தொண்டையைச் செருமிக்கொண்டு பைப் கம்பெனி என்று தொடங்கினான். மாமா அவன் கையைப் பிடித்து அமுக்கினார்.

"பைப் மேல பழி வேண்டாம் மாப்ளே. தப்பு என்னோடது சார். இரும்புல ஓட்டுன டிஸ்க்கை மாத்தாம இதுலயும் ஓட்டிட்டேன். சம்பளம் இல்லாம சுத்தம் பண்ணித் தர்றேன்."

செய்யலாம் என்றார் டாக்டர். ஆனால் பேசி வைத்திருந்த மாடிப்படி வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். மாமா மழைக்காலம் முழுக்க நம்பியிருந்த வேலை அது. செத்த சரக்கையும் சிரித்துக்கொண்டே தள்ளிவிடுகிற கடைக்காரன், கைப்பிடியின் பழுப்புப் புள்ளிகளை எண்ணிக்கொண்டு நின்றான்.

தெருவுக்கு வந்ததும் மாமா சட்டைப்பையிலிருந்து தேய்ந்துபோன டிஸ்க்கை எடுத்தார். ஓரமெல்லாம் கரைந்து, நடுவில் இரும்புக்கு என்ற லேபிள் மட்டும் மிஞ்சியிருந்தது. அதை அவன் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"அக்காவுக்குத் தெரிய வேண்டாம்."

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. இரவெல்லாம் அந்தக் கை கூசிக்கொண்டே இருந்தது. காலையில் கடையைத் திறக்காமல் நேரே டாக்டரிடம் போய், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். அவர் கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"நேத்து நீங்க அவர் பக்கத்துலதானே நின்னீங்க?"

மாடிப்படிக்கு முன்பணம் வாங்கிய புது வெல்டரும் அதற்குள் வந்து அளவெடுத்துவிட்டுப் போயிருந்தான்.

அடுத்த வாரம் மாமா கடைக்கு வந்தார். கைப்பிடியைச் சுத்தம் செய்ய டிஸ்க் கேட்டார். சரியான டிஸ்க் வந்திருந்தது. கடைக்காரன் பேப்பரைத் தொடவில்லை. இரண்டு கையாலும் நீட்டினான். டீ சொல்லட்டுமா என்று கேட்டான்.

"குடிச்சாச்சு மாப்ளே."

மாமா வாசல் வெளிச்சத்துக்குப் போனார். டிஸ்க்கைத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, லேபிளை எழுத்துக் கூட்டிப் படித்தார். டிஸ்க்கைத் திருப்பிப் பின்பக்கத்தையும் படித்தார். பிறகுதான் பையில் போட்டார். அக்கா சாப்பிடக் கூப்பிட்டதாக அன்று அவர் சொல்லவில்லை.

கடைக்காரன் கல்லாவில் உட்கார்ந்தபடியே மனதுக்குள் கூட்டிப் பார்த்தான். வரவு, இரண்டு டீ. செலவு, ஒரு மாடிப்படி. மாமா அந்த லேபிளைப் படித்த நேரத்தை எந்தப் பக்கம் எழுதினாலும் பாக்கி நின்றது.